மிச்ச ரோஸ்டுக்கு வார்ப்பிரும்புச் சட்டி தேறுமா?

பினாங்கு லிட்டில் இந்தியா பாத்திரக் கடைகளில் தோசைக்கல் அடுக்குக்குப் பக்கத்திலேயே கிடக்கும் கறுத்த, கனத்த தட்டைச் சட்டிதான் இது. விட்டம் 26 செ.மீ., உயரம் 5 செ.மீ., ஒற்றைப் பிடி, எடை சுமார் 2.4 கிலோ. பெயரும் முத்திரையும் கிடையாது. தோசை, முட்டை, மீன் எல்லாம் இதில் எப்படி வரும் என்று எழுத நிறையப் பேர் இருக்கிறார்கள். இங்கே பார்ப்பது ஒரே ஒரு வேலையை: முதல்நாள் விருந்தில் மிஞ்சிய மாட்டிறைச்சி ரோஸ்டையும் உருளைக்கிழங்கையும் மறுநாள் பெரட்டலாகவோ (மசாலாவில் புரட்டிய வறட்டுக் கறி), பெர்கெடிலாகவோ (மலாய்க் கிழங்கு உருண்டை) மாற்றும் வேலை. மாடு சேர்க்காத வீட்டில் ஆட்டுத்தொடை ரோஸ்ட் என்று வைத்துக்கொண்டு படிக்கலாம், முறை அதேதான்.

கிழங்குக்கு இதை விட்டால் வேறு சட்டி வேண்டியதில்லை. இறைச்சிக்கு, அடுப்பை விட்டு நகராதவர் கையில் நல்ல சட்டி. புளி சேரும் எதற்கும் ஆகாது.

கிழங்கு விஷயத்தில் இவ்வளவு உறுதியாகச் சொல்லக் காரணம் உண்டு. வெந்த கிழங்கு ஓர் இரவு குளிர்பெட்டியில் இருந்தால் அதன் மாவுச்சத்து இறுகிக்கொள்ளும். வெட்டினால் உதிராது, மேல்புறமும் காய்ந்திருக்கும். மொறுமொறுப்புக்கு இது பாதி வேலை. மீதிப் பாதி, குளிர்ந்த கிழங்கைக் கொட்டியவுடன் சட்டியின் சூடு சரியாமல் இருப்பது. 2.4 கிலோ இரும்பு பிடித்து வைக்கும் வெப்பம், 700 கிராம் அலுமினிய நான்ஸ்டிக் சட்டி பிடிப்பதைவிட ஒன்றரை மடங்குக்கும் மேல். மெல்லிய குவாலியில் (மலாய் வாணலி) கொட்டினால் சத்தம் அடங்கிப்போய், கிழங்கு எண்ணெய் குடிக்கும். இதில் சீறல் நிற்பதில்லை.

ஆனால் இரும்பு சூட்டைப் பிடித்து வைக்குமே தவிர, பரப்பாது. வெப்பத்தைக் கடத்துவதில் அலுமினியத்தின் கால்பங்குதான் தேறும். பெரிய தீயில் இரண்டு நிமிடம் வைத்துவிட்டு ஆரம்பித்தால் நடுவில் கருகும், ஓரத்தில் வெளுத்தே கிடக்கும். சட்டியைக் குறை சொல்கிறவர்களில் முக்கால்வாசிப் பேர் செய்யும் தவறு இது. தீயை மிதத்துக்கும் கீழே வைத்து 6 அல்லது 7 நிமிடம் காயவிட வேண்டும். இடையில் ஒருமுறை சட்டியைப் பாதி சுற்றுத் திருப்பி வைக்க வேண்டும். ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டால் சீறி இரண்டு விநாடியில் வற்ற வேண்டும். முத்துப்போல உருண்டு ஓடினால் சூடு மிஞ்சிவிட்டது.

இனி பெரட்டல். மூன்று பேருக்கு: ரோஸ்ட் இறைச்சி 300 கிராம், ரோஸ்ட் கிழங்கு 350 கிராம், பெரிய வெங்காயம் இரண்டு, இஞ்சிபூண்டு விழுது ஒரு மேசைக்கரண்டி, இறைச்சிக்கறித் தூள் ஒன்றரை மேசைக்கரண்டி, சோம்பு ஒரு தேக்கரண்டி, காய்ந்த மிளகாய் மூன்று, கறிவேப்பிலை இரண்டு கொத்து. ரோஸ்ட் தட்டில் உறைந்து கிடக்கும் கொழுப்பையும் சாற்றையும் வழித்து எடுத்து வைத்திருந்தால் மூன்று மேசைக்கரண்டி. அதைக் கழுவி ஊற்றுகிறவர்களுக்கு எந்தச் சட்டியும் உதவாது.

கிழங்கை 2 செ.மீ. துண்டுகளாக வெட்டி, இரண்டு மேசைக்கரண்டி எண்ணெயில் ஒரே அடுக்காகப் பரப்புங்கள். இந்த அளவுச் சட்டிக்கு 350 கிராம்தான் கணக்கு. அதற்கு மேல் போட்டால் கிழங்கு விடும் நீராவிக்கு வெளியேற வழியில்லாமல் வறுவல் அவியலாகிவிடும். நான்கு நிமிடம் கரண்டியைத் தொடவே கூடாது. முதலில் ஒட்டிக்கொள்வது இயல்பு. அடிப்புறம் பொரிந்து தோல் கட்டியதும் தானே விட்டுக்கொடுக்கும். அதற்கு முன் சுரண்டினால் அந்தத் தோல் சட்டியோடு போய்விடும். திருப்பிப் போட்டு இன்னும் ஐந்து நிமிடம், பிறகு தனியாக எடுத்து வையுங்கள்.

அடுத்த கட்டத்தில்தான் சட்டி காலை வாரும். கிழங்குக்கு ஏற்றிய சூட்டிலேயே தாளித்தால் சோம்பு கருகும். தீயைக் குறைத்தாலும் இந்த இரும்பு உடனே சொல்பேச்சு கேட்காது. அடுப்பிலிருந்து இறக்கி இரண்டு நிமிடம் ஆறவைத்து, குறைந்த தீயில் மறுபடி ஏற்றுவதுதான் வழி. கொஞ்சம் எண்ணெய் விட்டுத் தாளித்து, வெங்காயத்தை ஆறு நிமிடம் வதக்கி, விழுதைச் சேர்த்து, கறித்தூளை நான்கு மேசைக்கரண்டி தண்ணீரில் குழைத்து ஊற்றுங்கள். தூளை உலர்வாகத் தூவினால் அரை நிமிடத்தில் கசந்துவிடும். எண்ணெய் பிரிந்ததும் தட்டில் வழித்த சாற்றை விடுங்கள்.

இறைச்சி கடைசியில்தான். ரோஸ்டுக்குப் பொதுவாக வாங்கும் டாப்சைடு போன்ற கொழுப்பில்லாத பகுதி ஒருமுறை வெந்து முடிந்தது. இரண்டாம் முறை வேகவைத்தால் மிருதுவாகாது, இருக்கிற சாறும் வெளியேறி நாராகும். ஒரு மணி நேரம் வேகவிட்டால் பஞ்சாகும் என்ற நம்பிக்கை முன்னங்கால், நெஞ்சு போன்ற பகுதிகளுக்கு மட்டும் செல்லும். அவற்றில்தான் உருகி வழுவழுப்பாகும் சவ்வு இருக்கிறது. ஆகவே குளிர்ந்து இறுகியிருக்கும்போதே, நாருக்குக் குறுக்கே 4 மில்லிமீட்டர் கனத்தில் வெட்டி, கிழங்கோடு சேர்த்துப் போட்டு, மிதமான தீயில் ஒரு நிமிடம் புரட்டுங்கள். பிறகு அடுப்பை அணைத்து, சட்டியின் சூட்டிலேயே இன்னொரு நிமிடம். எல்லாத் துண்டிலும் ஆவி பறக்க வேண்டும். வெப்பமானி இருந்தால் 74 டிகிரி செல்சியஸ் காட்ட வேண்டும். மூடி போடாதீர்கள், கிழங்கு நமத்துப்போகும். உப்பைக் கடைசியில் ருசி பார்த்துச் சேருங்கள், ரோஸ்டில் ஏற்கெனவே இருக்கிறது. உடனே வேறு பாத்திரத்துக்கு மாற்றுங்கள். பரிமாறும் நேரம் வரை சட்டியிலேயே விட்டால் இறைச்சி வெந்துகொண்டே இருக்கும்.

ஒரு நாள் கழிந்த இறைச்சியில் வரும் பழைய வாடைக்குச் சட்டி பொறுப்பல்ல. வெந்த இறைச்சியில் விடுபடும் இரும்புச்சத்து கொழுப்பை ஆக்ஸிஜனோடு வினைபுரியத் தூண்டுவதால் வருவது அது. மசாலா ஓரளவு மறைக்கும், போக்காது. முதல்நாளே துண்டு போடாமல் முழுசாக, தன் சாற்றோடு, காற்றுப் புகாமல் மூடி வைத்தால் குறையும். நம் ஊர் வெக்கையில் மேசையில் இரண்டு மணி நேரத்துக்கு மேல் விடவே கூடாது. 32 டிகிரிக்கு மேல் போனால் ஒரு மணி நேரம்தான். குளிர்பெட்டியில் மூன்று, மிஞ்சினால் நான்கு நாள்.

பெர்கெடிலுக்கு இந்தச் சட்டி ‘பரவாயில்லை’ ரகம். கிழங்கைப் பொரித்து இடித்துச் செய்யும் பண்டம் என்பதால், அவித்த கிழங்கைவிட ரோஸ்ட் கிழங்கு இதற்கு நன்றாகவே பொருந்தும், தண்ணீர் கோக்காது. 400 கிராம் கிழங்குக்கு 200 கிராம் பொடியாகக் கொத்திய இறைச்சி, பொரித்த சின்ன வெங்காயம் மூன்று மேசைக்கரண்டி, டாவுன் சூப் (சூப்பில் போடும் செலரி இலை) ஒரு பிடி, வெள்ளை மிளகுத்தூள் அரை தேக்கரண்டி. 40 கிராம் உருண்டைகளாகத் தட்டி, அடித்த முட்டையில் தோய்த்து, ஒரு செ.மீ. எண்ணெயில் பக்கத்துக்கு இரண்டரை நிமிடம். உதிர்ந்தால் இறைச்சியில் சாறு அதிகம் என்று பொருள். எண்ணெய்ப் படலம் ஏறிப் பழகாத புதுச் சட்டியில் முட்டை ஒட்டும். முதல் மாதம் குவாலியிலேயே பொரித்துக்கொள்வது நல்லது.

எலும்போடு செய்த ரோஸ்ட் என்றால் எலும்பு டால்ச்சா என்ற பருப்புக் குழம்புக்குப் போகும். அதை இந்தச் சட்டியில் வைக்காதீர்கள். புளியும் தக்காளியும் எண்ணெய்ப் படலத்தை அரித்துவிடும், குழம்பில் இரும்பு நெடி ஏறும். டால்ச்சாவுக்கு எவர்சில்வர் பானைதான். இனிப்புக் கிச்சாப் (இனிப்பு சோயா சாஸ்) சேர்த்துப் பிரட்டுவதும் தலைவலிதான். சர்க்கரை அடியில் பிடித்தால் கழுவ அரை மணி நேரம்.

சட்டியைப் பழக்கும், அதாவது எண்ணெய் தடவிச் சூடேற்றிப் படலம் ஏற்றும் விஷயத்தில் இங்கே பலர் சறுக்குவது எண்ணெயில். கடையில் 2.50 ரிங்கிட்டுக்குக் கிடைக்கும் ஒரு கிலோ பொட்டலம் பாமாயில். பொரிக்க அருமை, பழக்க மந்தம். சூட்டில் கெட்டிப்பட்டுப் படலமாக மாறும் தன்மை அதில் குறைவு. தேங்காய் எண்ணெயில் இன்னும் குறைவு. சோயா அல்லது சூரியகாந்தி எண்ணெய் எடுத்து, மெல்லத் தடவி, தடவவே இல்லை என்று தோன்றும் அளவுக்குத் துடைத்து, ஓவனில் கவிழ்த்து 230 டிகிரியில் ஒரு மணி நேரம். இதை மூன்று தடவை செய்யுங்கள். துடைக்காமல் விட்டால் பிசுபிசுப்பு நிலைத்துவிடும். கழுவத் தேங்காய் நாரும் வெந்நீரும் போதும், கொஞ்சம் சோப்பு பட்டால் ஒன்றும் ஆகாது. ஊறப்போடுவதுதான் தப்பு. பினாங்கு ஈரக்காற்றில் ஒரே இரவில் துரு பூக்கும். ஆகவே அடுப்பில் இரண்டு நிமிடம் காயவைத்து, எண்ணெய் தொட்டுத் துடைத்து, மூடி போடாமல் வையுங்கள்.

எடை பெரிய குறை. பெரட்டல் நிறைந்த சட்டியை ஒற்றைக் கையால் சாய்ப்பது வயதானவர்களுக்கு நடக்காது. வாங்கும்போது எதிர்ப்பக்கத்தில் சின்னக் காது வைத்த சட்டியாகக் கேளுங்கள். கடைத் தரையில் வைத்து ஆட்டிப் பாருங்கள். தள்ளாடினால் மின் அடுப்பில் உட்காராது. உள்பக்கத்தை விரலால் தடவுங்கள், மணல் வார்ப்பின் சொரசொரப்பு மெல்லியதாக இருக்கலாம், குழிகள் கூடாது. கடைசியாக, பிடியைத் தூக்கிப் பிடித்து விரல் முட்டியால் தட்டுங்கள். மணிபோல நீண்டு ஒலித்தால் எடுங்கள். மொத்தென்று அடங்கினால் எங்கோ விரிசல் இருக்கலாம், வேறு சட்டியைக் கேளுங்கள்.