ஓபன்பிஎஸ்டியில் பிபிபிஓஇ: ஏழு வருடக் குடித்தனம்

2018-ல் வீட்டுக்கு ஃபைபர் வந்தபோது கம்பெனிக்காரர்கள் கொடுத்த வெள்ளை டப்பாதான் ரூட்டர். நெட் போனால் ஒரு சிவப்பு விளக்கு எரியும். ஏன் எரிகிறது என்று டப்பாவும் சொல்லாது, கஸ்டமர் கேரும் சொல்லாது. "சார், ஒரு தடவ ஆஃப் பண்ணி ஆன் பண்ணுங்க" என்பதோடு முடிந்துவிடும். எரிச்சலில் இரண்டு ஈதர்நெட் போர்ட் உள்ள பழைய மினி பிசி ஒன்றை வாங்கி, ஓபன்பிஎஸ்டி 6.3 (யூனிக்ஸ் வகை இலவச இயங்குதளம்) ஏற்றி, டப்பாவை பிரிட்ஜ் மோடுக்குத் தள்ளினேன். இனி டப்பா சிக்னலைக் கடத்தினால் போதும், பிபிபிஓஇ வழியாக லாகின் செய்வது என் பெட்டியின் வேலை. பெட்டி இடையில் ஒரு முறை மாறியது. அமைப்பு அதேதான்.

பிபிபி என்ற இணைப்பு நெறிமுறை டயல்-அப் மோடம் காலத்து ஆள். யூசர்நேம், பாஸ்வேர்ட் கேட்கும், ஐபி கொடுக்கும், யார் எப்போது வந்தார் போனார் என்று கணக்கு வைக்கும். ஈதர்நெட்டில் இதெல்லாம் கிடையாது. டெலிபோன் கம்பியில் பிராட்பேண்ட் தரும் டிஎஸ்எல் வந்தபோதும் சேவைக்காரர்களுக்கு அந்தக் கணக்குப் புத்தகத்தை விட மனசில்லை. பிபிபியை அப்படியே ஈதர்நெட் மேல் ஏற்றி, பிபிபிஓஇ (பிபிபி ஓவர் ஈதர்நெட்) என்றார்கள். 1999 பிப்ரவரியில் வந்த ஆர்எஃப்சி 2516 (ஆர்எஃப்சி என்பது இணைய நெறிமுறைகளை விவரிக்கும் ஆவணம்) அதுதான். நமக்கு இன்று வரும் ஃபைபரிலும் பல இடங்களில் அதே பழைய சாமான் ஓடுகிறது. ஓபன்பிஎஸ்டியில் இந்த வேலையை முதலில் கெர்னலுக்கு, அதாவது இயங்குதளத்தின் மையத்துக்கு, வெளியே ஒரு நிரல் பார்த்துவந்தது. ஒவ்வொரு பாக்கெட்டும் உள்ளே வெளியே என்று அலைய வேண்டும். உறவுக்கார இயங்குதளமான நெட்பிஎஸ்டியிலிருந்து வந்த கெர்னல் டிரைவர் 2005-ல், 3.7 வெளியீட்டில் சேர்ந்தது. நான் வந்து சேர்வதற்குள் அது நன்றாகப் பழுத்துவிட்டது.

அமைப்பது ஏழெட்டு வரி வேலை. மேன் பேஜில் (கூடவே வரும் கையேடு) இருப்பதைப் பெயர்த்து எழுதினாலே லைன் ஏறிவிடும். முதல் நாள் என்னை உறுத்தியது ஒன்றுதான்: நம் பக்கத்து முகவரி 0.0.0.0, எதிர்முனை முகவரி 0.0.0.1. தட்டச்சுப் பிழையோ என்று நினைத்தேன். இல்லை. 'என்ன வேண்டுமானாலும் கொடு, வாங்கிக்கொள்கிறேன்' என்பதற்கான அடையாளம் அது. பிபிபி பேசி முடித்ததும் நிஜ முகவரி அந்த இடத்தில் வந்து உட்கார்ந்துகொள்ளும்.

இந்த அடையாளத்தால் நானே ஒரு குழி வெட்டிக்கொண்டேன். பிஎஃப் ஃபயர்வாலில் என்ஏடி (வீட்டுச் சாதனங்களெல்லாம் ஒரே வெளி முகவரியில் போவது) விதி எழுதும்போது இன்டர்ஃபேஸ் பெயரை அடைப்புக்குறிக்குள் போடாமல் விட்டேன். அப்படி விட்டால், விதிகளை ஏற்றும் அந்த நொடியில் என்ன முகவரி இருக்கிறதோ அதையே பிஎஃப் பிடித்துக்கொள்ளும். பூட் ஆகும்போது லைன் இன்னும் ஏறியிருக்காது, அதனால் நிஜ முகவரி அதற்குக் கிடைக்கவே இல்லை. பெட்டியிலிருந்து பிங் போகிறது, வீட்டில் வேறு எதிலும் நெட் இல்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்க இதில் போனது. இரண்டு அடைப்புக்குறி!

அடுத்தது எம்டியு, அதாவது ஒரு பாக்கெட்டின் அதிகபட்ச அளவு. பிபிபிஓஇ தலைப்பு 6 பைட், பிபிபி 2 பைட், ஆக 1500-ல் 1492-தான் மிச்சம். வீடியோ ஓடுகிறது, வாட்ஸ்அப் போகிறது, அம்மாவின் வங்கித் தளம் மட்டும் வெள்ளையாக நிற்கிறது. வழியில் யாரோ ஐசிஎம்பி செய்திகளை (வலையின் பிழை அறிவிப்புகள்) மறித்துவிட்டால், பாக்கெட் பெரிதாக இருக்கிறது என்ற தகவல் அனுப்பியவருக்குப் போய்ச் சேராது. அவரும் அதையே திரும்பத் திரும்ப அனுப்பிக்கொண்டிருப்பார். துண்டாக்கக் கூடாது என்ற கொடியோடு 1464 பைட் பிங் அடித்தேன், போனது. 1465 அடித்தேன், போகவில்லை. ஐபி, ஐசிஎம்பி தலைப்புகளின் 28 பைட்டைக் கூட்டினால் 1492, கணக்குச் சரி. பிஎஃப்பில் எம்எஸ்எஸ் (ஒரு டிசிபி பாக்கெட்டில் அடங்கும் தரவின் அளவு) உச்சத்தை 1440 ஆக்கும் ஒற்றை வரி (இதுவும் மேன் பேஜில் இருந்ததுதான்) போட்டதும் வங்கி திறந்தது. ஆர்எஃப்சி 4638 வழியாக முழு 1500-ஐயே கேட்டு வாங்கலாம். அடியில் உள்ள கார்டை 1508-க்கு உயர்த்தி முயன்றேன். எதிர்முனை கண்டுகொள்ளவில்லை. விட்டுவிட்டேன்.

இத்தனைக்கும் பிறகு ஏன் இதிலேயே இருக்கிறேன் என்றால், ஐஎஃப்கான்ஃபிக் (இணைப்பின் நிலையைக் காட்டும் கட்டளை) காட்டும் இரண்டே வரிக்காக. அதில் நிலை என்ன, செஷன் எண் என்ன, பாடி எத்தனை முறை அனுப்பப்பட்டது, எவ்வளவு நேரமாக லைன் நிற்கிறது, எல்லாம் இருக்கும். பாடி என்பது 'யாராவது இருக்கிறீர்களா' என்று தெருவுக்கே கேட்கும்படி கூவுவது. இருப்பவர் பாடோ என்று பதில் தருவார், நாம் பாடார் அனுப்புவோம், அவர் பாட்ஸ் தந்து செஷன் எண்ணைக் கையில் கொடுப்பார். (வீட்டில் நான் இப்படித்தான் உச்சரிக்கிறேன்.) பாடி எண்ணிக்கை மட்டும் ஏறிக்கொண்டே போனால் கேபிளோ எதிர்முனையோ செத்திருக்கிறது. செஷன் வந்து உடனே விழுந்தால் பெரும்பாலும் கணக்குத் தகராறு: பாஸ்வேர்ட், பில், அல்லது பழைய லாகின்.

அந்தப் பழைய லாகின் தனித் தலைவலி. முறையாக இறக்கினால் பெட்டி பாட்டி என்ற விடைபெறும் பாக்கெட்டை அனுப்பும். கரண்ட் படாரென்று போனால் அனுப்ப ஏது நேரம்? சர்வர் நாம் இன்னும் உள்ளே இருப்பதாகவே நினைத்து, ஒரு ஆளுக்கு ஒரு லாகின் என்று புதியதை மறுக்கும். அது கேட்டுக் கேட்டுப் பார்த்து, பதில் வராமல் பழையதை வெட்டும்வரை காத்திருக்க வேண்டியதுதான். டிரைவரைக் குறை சொல்லிப் பயனில்லை. சின்ன யுபிஎஸ் ஒன்றை வாங்கி மாட்டினேன்.

ஐபிவி6 விஷயத்தில் மட்டும் நெடுநாள் மனத்தாங்கல் இருந்தது. பிரிஃபிக்ஸ் (வீட்டுக்கென்று ஒதுக்கப்படும் முகவரித் தொகுதி) வாங்க வெளித் தொகுப்பு ஒன்றை நிறுவ வேண்டியிருந்தது. 2024 அக்டோபரில் வந்த 7.6-ல் அதற்கென்றே ஒரு டீமன் (பின்னணியில் ஓடும் நிரல்) உள்ளேயே வந்துவிட்டது. அப்டேட்டும், 6.6-ல் சிஸ்அப்கிரேட் என்ற கட்டளை வந்த பிறகு, ஆறு மாதத்துக்கு ஒரு முறை காபி குடிக்கும் நேரம்தான்.

வேகம்? என் 300 எம்பிபிஎஸ் திட்டத்துக்குக் குறையில்லை. கிகாபிட் வாங்குகிறவர்கள் ஒற்றைக் கோர் நல்ல வேகமுள்ள பெட்டியாகப் பார்த்து வாங்குங்கள். சாதாரண நெட்வொர்க் கார்டுகளுக்கு பிபிபிஓஇ உறைக்குள் இருக்கும் ஐபியைப் பார்க்கத் தெரியாது. எல்லாவற்றையும் ஒரே வரிசையில் தள்ளிவிடும், மற்ற கோர்கள் வேடிக்கை பார்க்கும். இன்னொரு உறவான ஃப்ரீபிஎஸ்டி பக்கத்திலும் இது பழைய புகார்தான். அதன் மேல் ஓடும் ஃபயர்வால் மென்பொருளான பிஎஃப்சென்ஸின் 2025-ல் வந்த 2.8, ஓபன்பிஎஸ்டி டிரைவரைத் தழுவிய புதிய கெர்னல் டிரைவரைக் கொண்டுவந்திருக்கிறது.

போன மாதம் லைன் போனது. எங்கள் தெருவுக்கு வரும் லைன்மேன் அண்ணனுக்குப் போன் போட்டேன். முன்பெல்லாம் டப்பா விளக்கு என்ன கலர் என்று கேட்பவர், இந்த முறை எடுத்ததுமே கேட்டார்: "தம்பி, அந்தப் பாடி கவுண்ட் ஏறுதா, நிக்குதா?" ஏறுது என்றேன். "அப்ப கம்பத்துலதான் ஏதோ. வரேன்."