சௌராஸ்தா மாடிப் புத்தகக் கடைகள்: வாங்குமுன் அட்டையைப் பாருங்கள்

மலேசியாவின் பினாங்குத் தீவில், பினாங்கு ரோட்டுச் சௌராஸ்தா மார்க்கெட்டுக்குப் பாதிப் பேர் ஜாதிக்காய் ஊறுகாய்க்குத்தான் போவார்கள். கீழே மீன், காய்கறி, மாடியில் பழைய புத்தகக் கடைகள். மகனுக்கு ஐந்தாம் படிவத்து எஸ்.பி.எம். தேர்வுக்குப் பயிற்சி நூல் தேடி போன சனிக்கிழமை ஏறினேன், முப்பது வருஷம் கழித்து.

முதலில் குறையைச் சொல்லிவிடுகிறேன். மாடியில் புழுக்கம் தாங்கவில்லை, பல புத்தகங்களில் விலையே கிடையாது, ஆளைப் பார்த்துச் சொல்கிறார்களோ என்று சந்தேகம். ஒரு கடையில் வேதியியல் நூலைக் கொடுத்து, இந்த வருஷத் தேர்வுக்கும் இதுதான் என்று சத்தியம் செய்யாத குறை. வீட்டில் வந்து பார்த்தால் அட்டையில் பழைய பாடத்திட்டமான கே.பி.எஸ்.எம். என்று இருந்தது. எஸ்.பி.எம். 2021-லிருந்தே கே.எஸ்.எஸ்.எம். என்ற புதுப் பாடத்திட்டத்துக்கு மாறிவிட்டது. பதினைந்து ரிங்கிட் போச்சு. சரி, நின்று பார்த்து வாங்காதது என் தப்பும்தான்.

அப்படியும் நான்கு நட்சத்திரம் போடுகிறேன். கூலிம் பக்கம் ரப்பர் தோட்டத்தில் பிறந்தவள் நான். தோட்டத்துத் தமிழ்ப்பள்ளி, மலாய் தடுமாறியதால் இடைநிலைப்பள்ளிக்கு முந்தின புகுமுக வகுப்பில் ஒரு வருஷம், அப்புறம் படிப்படியாக ஏறி, பல்கலைக்கழகத்துக்கு முந்தின ஆறாம் படிவம். பள்ளியில் பாடநூல் இரவல் கொடுத்தார்கள், ஆனால் ஆறாம் படிவத்துக்கு வேண்டிய தடித்தடி ஆங்கில நூல்களை நாமே வாங்க வேண்டும், புதுசின் விலையைக் கேட்டாலே அப்பா பேச்சை மாற்றிவிடுவார். ஒரு ஞாயிற்றுக்கிழமை பட்டர்வொர்த்தில் பெர்ரி ஏறி இங்கே கூட்டி வந்தார். அவருக்கு மலாயும் தெரியாது, ஆங்கிலமும் தெரியாது. ஒவ்வொரு புத்தகமாகக் கையில் தூக்கிப் பார்த்து, "இதுதான் கெட்டியா இருக்கு, இத வாங்கு" என்றார். பிளாஸ்டிக் பையிலிருந்து அவர் எடுத்து நீட்டிய நோட்டில் ரப்பர் ஒட்டுப்பால் வாடை. முதல் பக்கத்தில் பென்சிலால் 12 என்று இருந்ததைக் கடைக்காரப் பாய் அழித்துவிட்டு 8 என்று எழுதினார். "படிச்சு முடிச்சுட்டு கொண்டாம்மா, பாதி காசு தர்றேன்" என்றும் சொன்னார். வேதியியலைத் திருப்பிக் கொடுத்து உயிரியல், அதைக் கொடுத்து இன்னொன்று என்று இரண்டு வருஷமும் அந்தக் காசேதான் சுற்றிச் சுற்றி வந்தது. பாதி புத்தகங்களில் முந்தின ஆளின் பென்சில் விடைகள் இருக்கும், அதில் பாதி தப்பு, அதைத் திருத்தித் திருத்தியே நான் படித்தேன். அப்புறம் பினாங்கிலேயே, குளுகோரில் இருக்கிற மலேசிய அறிவியல் பல்கலைக்கழகம். நாட்டிலேயே முதலாவதாக, 1972-இல், மருந்தியல் பட்டப்படிப்பு தொடங்கியது அங்கேதான். இப்போது மருந்தாளர் வேலையில் இருக்கிறேன், காரில் பாலம் வழியாக வந்து பார்க்கிங் தேடி அலைகிறேன்.

பாய் இப்போது இல்லை. திருப்பி எடுப்பீர்களா என்று கடை கடையாகக் கேட்டேன். ஒரே ஒரு பெரியவர்தான் தலையாட்டினார், அதுவும் கால் விலைக்கு. பரவாயில்லை, அவரிடமே வாங்குங்கள். சில்லறை கொண்டு போங்கள், காலையிலேயே போங்கள், கே.எஸ்.எஸ்.எம். என்று அட்டையில் இருக்கிறதா என்று பாருங்கள். அடியில் இருக்கிற புத்தகத்தை மட்டும் உருவாதீர்கள், எனக்கு மொத்த அடுக்கும் சரிந்து, அடுக்கி முடிக்கக் கால் மணி நேரம் ஆனது.