வின்கிறிஸ்டீன் ஊசி: நாய்க் கட்டிக்கு நம்பி வாங்கலாமா?

நாய்களின் குறியில் வரும் தொற்றுக் கட்டிக்கு முதல் மருந்து இதுதான். 1 மில்லி குப்பியில் 1 மில்லிகிராம் இருக்கும். வாரம் ஒரு ஊசி, பெரும்பாலும் 4 முதல் 6 வாரம். பத்து நாய்க்கு ஒன்பது நாய் தேறிவிடும். அறுவை மட்டும் செய்தால் பல நாய்களுக்குத் திரும்ப முளைக்கிறது.

ஆனால் குப்பியைத் திறக்கும் முன் கட்டி இதுதானா என்று உறுதி செய்ய வேண்டும். மார்கழியில் கூடிய நாய்க்கு மாசி, பங்குனி வாக்கில் சொட்டுச் சொட்டாக ரத்தம் வந்தால், பெட்டை என்றால் பருவம் என்கிறார்கள், கடுவன் என்றால் சிறுநீர்க் கல் என்கிறார்கள். கடுவனின் குறியை மூடிய தோலுறையை அடிவரை முழுசாகப் பின்னுக்குத் தள்ளிப் பார்க்க வேண்டும். கட்டி அங்கேதான் பதுங்கும். காலிஃப்ளவர் போல, தொட்டாலே உதிர்ந்து ரத்தம் கசியும். அதில் கண்ணாடித் தகட்டை ஒற்றி, சாயமிட்டு நுண்ணோக்கியில் பார்த்தால் உருண்டை செல்களும் அவற்றுள் முத்துக் கோத்த மாதிரி வெற்றுக் குமிழிகளும் தெரியும். தஞ்சாவூர்ப் பக்கம் இருப்பவர்கள் ஒரத்தநாடு கால்நடை மருத்துவக் கல்லூரியில் கேட்கலாம்.

இது வைரஸ் அல்ல. தொற்றுவது புற்றுச் செல்லேதான். நாய்க்கு 78 குரோமோசோம். இந்தக் கட்டிச் செல்லுக்கு 57 முதல் 59 வரைதான். 1876இலேயே ரஷ்யக் கால்நடை மருத்துவர் நோவின்ஸ்கி இதை நாயிலிருந்து நாய்க்கு ஒட்டிக் காட்டினார். இணையும்போதும் நக்கும்போதும் செல் ஒட்டிக்கொள்கிறது. அதனால்தான் சில நாய்களுக்கு மூக்கிலும் கட்டி வருகிறது.

அளவு, ஒரு சதுர மீட்டர் உடல் பரப்புக்கு 0.5 முதல் 0.7 மில்லிகிராம். 10 கிலோ நாய்க்குச் சுமார் 0.23 முதல் 0.33 மில்லிகிராம் வரும். அதனால் குப்பி முழுவதும் ஒரு நாய்க்கு இல்லை.

சிக்கல் ரத்த நாளத்தில் ஊசி ஏற்றுவதில்தான். ஒரு துளி வெளியே கசிந்தாலும் தோல் கறுத்து அழுகிப் பெரும் புண்ணாகும். தசையிலோ தோலடியிலோ போடவே கூடாது. முன்காலில் கேனுலா (நாளத்தில் செருகும் மெல்லிய குழாய்) ஏற்றி, சலைன் உப்பு நீர் தடையின்றி ஓடுகிறதா பார்த்து, மருந்தைச் செலுத்தி, பின்னும் உப்பு நீர் விட வேண்டும். கசிந்தால் உடனே நிறுத்தி, அதே ஊசியால் இழுத்தெடுத்து, இளஞ்சூட்டில் ஒத்தடம் கொடுக்க வேண்டும். இந்த மருந்துக்கு ஐஸ் ஆகாது.

ஒவ்வொரு வாரமும் ஊசிக்கு முன் ரத்த அணு எண்ணிக்கை பார்க்க வேண்டும். வெள்ளணு 4000க்குக் கீழே போனால் ஒரு வாரம் தள்ளிப் போடுங்கள். உண்ணிக்காய்ச்சல் வந்த நாய்க்கு ரத்தம் உறைய உதவும் தட்டணு ஏற்கெனவே குறைந்திருக்கும், அதையும் முதலில் பார்த்துவிடுங்கள். உண்ணிக்கு ஐவர்மெக்டின் போட்டிருந்தால் மருத்துவரிடம் மறக்காமல் சொல்லுங்கள். இரண்டும் ஒரே வழியில் உடலிலிருந்து வெளியேறுவதால் நரம்புப் பாதிப்பு கூடலாம்.

குப்பியை 2 முதல் 8 டிகிரிக்குள், வெளிச்சம் படாமல் வைக்க வேண்டும். மழைக்காலத்தில் கரண்டு போய் மணிக்கணக்கில் ஃபிரிட்ஜ் நிற்கும் ஊர்களில் கடைக்காரரிடம் இதைக் கேட்டே வாங்குங்கள். ஊசி போட்ட பின் நாயின் மூத்திரத்தில் மருந்து கலந்திருக்கும், அதை இரண்டு மூன்று நாள் கையுறை போட்டே கழுவுங்கள்.

இன்னொரு சிக்கலும் உண்டு: இரண்டாவது ஊசியிலேயே கட்டி சுருங்கிவிடுவதால் பலர் பாதியில் நிறுத்திவிடுகிறார்கள். கண்ணுக்குத் தெரியாத அளவில் மிஞ்சியது மறுபடி வளரும். கட்டி மறைந்த பின்னும் ஓர் ஊசி போட்டு, உறையை அடிவரை விலக்கிப் பார்த்துவிட்டே நிறுத்த வேண்டும்.