பழைய கீபோர்டுக்குப் புது கிளிக் ஸ்விட்ச்: எதை எடுக்கலாம், எதை விட்டுவிடலாம்

கீயின் அடியில் உட்கார்ந்து, அழுத்தினால் 'டிக்' என்று சத்தம் போடுவதுதான் கிளிக் ஸ்விட்ச்; பழைய கீபோர்டில் அது கெட்டுப்போனால் எதைப் போடலாம் என்பது கேள்வி. முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், நேரம் இல்லாதவர்கள் இதோடு கிளம்பலாம். பழைய செர்ரி கீபோர்டு, அதுவும் உள்ளே ஸ்விட்சுகளைப் பிடித்துக்கொள்ளும் இரும்புத் தகடு இல்லாத ரகம் என்றால் ஐந்து கால் வைத்த செர்ரி எம்எக்ஸ் ப்ளூ. தகடு இருக்கிறது, விரலுக்கு நன்றாகத் தெரியும்படி ஒரு தெறிப்பு வேண்டும் என்றால் கெய்ல் பாக்ஸ் ஜேட். ஆல்ப்ஸ் என்ற கம்பெனியின் ஸ்விட்ச் உள்ள கீபோர்டு என்றால் மட்டும் அவசரப்பட்டு எதையும் மொத்தமாக வாங்காதீர்கள், அதைப் பற்றிக் கீழே நிறையச் சொல்ல வேண்டியிருக்கிறது.

கிளிக் ஸ்விட்ச் என்றதுமே பேச்சு சத்தத்துக்குப் போய்விடுகிறது. எது உரக்கக் கேட்கும், எது கூர்மை, எது பக்கத்து அறையில் தூங்குகிறவரை எழுப்பிவிடும் என்று. புதிதாகக் கீபோர்டு கட்டுகிறவர்களுக்கு அது சரி. பழசைக் கையில் வைத்திருப்பவருக்குச் சத்தம் மூன்றாவது கேள்விதான். அந்த ஓட்டைக்குள் எது உட்காரும் என்பது முதல் கேள்வி, பழைய கீகேப் (எழுத்து உள்ள மேல்மூடி) அதன் தலையில் ஒழுங்காக ஏறுமா என்பது இரண்டாவது. எம்எக்ஸ் ஸ்விட்சுக்கு 14 மி.மீ. சதுர ஓட்டை. ஆல்ப்ஸுக்குச் சுமார் 15.5-க்கு 12.8 மி.மீ. செவ்வகம். கீகேப் மாட்டும் இடமும் வேறு: எம்எக்ஸில் கூட்டல் குறி மாதிரி, ஆல்ப்ஸில் பட்டையான செவ்வகம். ஒன்றைக் கழற்றி இன்னொன்றைச் செருகிவிடலாம் என்ற ஆசை யாருக்காவது இருந்தால் இங்கேயே இறக்கி வைத்துவிடுங்கள்.

ஐபிஎம் மாடல் எம் வைத்திருப்பவர்களுக்கு இதெல்லாம் தேவையே இல்லை. அதில் தனித்தனி ஸ்விட்ச் கிடையாது. ஒவ்வொரு கீயின் அடியிலும் இருக்கும் ஸ்பிரிங் மடங்கிச் சுவரில் அடிப்பதுதான் அந்தச் சத்தம், அதற்கும் அடியில் இருப்பது மெம்பிரேன் என்கிற, மின்தடங்கள் அச்சிட்ட பிளாஸ்டிக் தாள். வரிசையாகச் சில கீ மக்கர் செய்தால் பின்பக்கத்துப் பிளாஸ்டிக் ரிவெட்டுகள் உடைந்திருக்கிறதா என்று பாருங்கள்.

அப்புறம் இன்னொன்று. ஒரு தடவை தட்டினால் இரண்டு எழுத்து விழுகிறது என்பதற்காக மட்டும் ஸ்விட்ச் வாங்கக் கிளம்பியிருக்கிறீர்கள் என்றால் கொஞ்சம் பொறுங்கள். செர்ரியில் இது பெரும்பாலும் ஸ்விட்சுக்குள் மின்தொடர்பு தரும் இரண்டு உலோக இதழ்கள் தொடும் இடத்தில் படிந்த அழுக்குதான். கேபிளைப் பிடுங்கிவிட்டு, கீகேப்பைக் கழற்றி, ஸ்டெம்மை (கீகேப் மாட்டும் தண்டு) அழுத்திப் பிடித்தபடி ஐசோபுரோபைல் ஆல்கஹால் ஓரிரு சொட்டு விட்டு, கை வலிக்கும் வரை தட்டுங்கள். நன்றாகக் காய்ந்த பிறகு மாட்டிப் பாருங்கள். பாதிக்கு மேல் இதிலேயே சரியாகிவிடும். அப்படியும் திரும்பத் திரும்ப வருகிற கீக்குத்தான் புது ஸ்விட்ச்.

சரி, செர்ரிக்கு வருவோம். ஜி80-3000 மாதிரிப் பழைய செர்ரி கீபோர்டுகளில் தகடே இல்லை, ஸ்விட்ச் நேராக பிசிபியில் (மின்சுற்றுப் பலகை) உட்கார்ந்திருக்கும். அதை ஆடாமல் பிடித்துக்கொள்வது நடுவில் உள்ள தடித்த பிளாஸ்டிக் முளையும் அதன் இரண்டு பக்கமும் இருக்கும் சின்னக் கால்களும்தான். நடு முளையையும் இந்த இரண்டு கால்களையும் இரண்டு உலோகப் பின்களையும் சேர்த்து ஐந்து கால் என்கிறோம். பக்கக் கால் இல்லாத மூன்று கால் வகை தகடு உள்ள கீபோர்டுக்கானது, அதைத் தகடில்லாத பிசிபியில் வைத்தால் சால்டர் வைத்துப் பற்றவைக்கும்போதே சாய்ந்துகொள்ளும், கீகேப்பெல்லாம் கோணல் பல்வரிசை மாதிரித் தெரியும். ஒரு கடையில் ஐந்து கால் என்று போட்டுவிட்டு எனக்கு மூன்று கால் அனுப்பினார்கள், கேட்டதற்கு "இரண்டும் ஒன்றுதான் சார்" என்று பதில். ஒன்றில்லை. ஐந்து கால் ஸ்விட்சின் பக்கக் கால்களை நகவெட்டியால் நறுக்கி மூன்று காலாக்கிவிடலாம், மூன்றை ஐந்தாக்க வழியில்லை. அதனால் சந்தேகம் இருந்தால் கண்ணை மூடிக்கொண்டு ஐந்து கால் வாங்குங்கள்.

கழற்றுவதற்கு முன் பழைய ஸ்விட்சின் அடியையும் ஒரு பார்வை பாருங்கள். சில பழைய கீபோர்டுகளில் டயோடு (மின்சாரத்தை ஒரே திசையில் விடும் சின்ன பாகம்) பிசிபியில் இருக்காது, ஸ்விட்சுக்கு உள்ளேயே வைத்திருப்பார்கள், அப்போது இரண்டு பின்னுக்குப் பதில் நான்கு கம்பி வெளியே வரும். அந்த இடத்தில் சாதாரண ஸ்விட்சைப் போட்டால் கீ வேலை செய்யாது. செர்ரியின் வழக்கமான உடலில் டயோடு வைக்கத் துளை இருக்கிறது. வேறு கம்பெனி ஸ்விட்ச் என்றால் அடிப்பக்கப் படத்தைப் பார்த்துவிட்டு வாங்குங்கள்.

இப்போது சத்தம். எம்எக்ஸ் ப்ளூவைத் திறந்து பார்த்தால் ஸ்டெம் இரண்டு துண்டாக இருக்கும்: நீலத் தண்டு ஒன்று, அதைச் சுற்றித் தளர்வாகத் தொங்கும் வெள்ளை வளையம் ஒன்று. இந்த வளையத்தைத்தான் கிளிக் ஜாக்கெட் என்பார்கள். கீயை அழுத்தும்போது வளையத்தின் மேடு உலோக லீஃபில் (உள்ளே இருக்கும் மெல்லிய உலோக இதழ்) முட்டி நிற்கும், தண்டு அழுத்த அழுத்த ஒரு கட்டத்தில் அந்த மேட்டைத் தாண்டி வளையம் விருட்டென்று கீழே பாய்ந்து அடியில் மோதும். கேட்கிற 'டிக்' அதுதான். வளையம் தளர்வாக இருப்பதால் கீயை விடும்போது கூடவே ஒரு சலசலப்பும் வரும். சிலருக்கு அது எரிச்சல், எனக்குப் பழைய கீபோர்டு என்றாலே அந்தச் சலசலப்பும் சேர்த்துத்தான். கீ பதிவாவது 2.2 மி.மீ. ஆழத்தில், மொத்த ஆழம் 4 மி.மீ. ஆனால் அடுத்த தட்டுக்குத் தயாராக, பதிவான இடத்தை விட நன்றாக மேலே ஏறி வர வேண்டும். ஒரே கீயைப் படபடவென்று அடிக்கிறவர்களுக்கு இது கொஞ்சம் தடையாகத் தெரியும்.

கெய்ல் பாக்ஸ் வகையறா வேறு வழி. அங்கே ஸ்டெம்முக்குப் பக்கத்தில் மெல்லிய எஃகுக் கம்பி ஒன்று குறுக்கே போகிறது. ஸ்டெம் அதைத் தள்ளிக்கொண்டு இறங்கும், கம்பி வழுக்கிப் பழைய இடத்துக்குத் தெறிக்கும். விடும்போது இன்னொரு தடவை தெறிக்கும். அதனால் போகும்போதும் கிளிக், வரும்போதும் கிளிக், நடுவில் சலசலப்பு கிடையாது. பாக்ஸில் ஒயிட், ஜேட், நேவி என்று ரகங்கள் உண்டு; ஒயிட்டில் இந்தக் கம்பி மெல்லியது, சத்தமும் சன்னமாக இருக்கும், விரலில் பெரிதாக ஒன்றும் தெரியாது. ஜேடிலும் நேவியிலும் தடித்த கம்பி. ஜேடில் அந்த இடம் விரல் நுனிக்கு அவ்வளவு துல்லியமாகத் தெரிகிறது, சும்மா உட்கார்ந்து ஒரே கீயைத் தட்டிக்கொண்டே இருக்கலாம் போலிருக்கும். நேவி அதே குணம், ஸ்பிரிங் மட்டும் கனம். ஒரு பக்கம் டைப் அடித்தால் கம்பீரம், நாள் முழுக்க அடித்தால் சாயங்காலம் சுண்டுவிரல் முறையிடும்.

பாக்ஸில் இரண்டு விஷயம் கவனிக்க வேண்டும். மொத்த ஆழம் 3.6 மி.மீ.தான். எண்ணில் பார்த்தால் அற்ப வித்தியாசம், ஆனால் பழைய ஆழத்துக்குப் பழகிய விரல் தரையில் சீக்கிரம் மோதுகிற உணர்வு முதலில் இருக்கத்தான் செய்யும். இரண்டாவது, கீகேப். ஆரம்பத்தில் வந்த பாக்ஸ் ஸ்விட்சுகளில் ஸ்டெம்மின் கூட்டல் குறி ஒரு மயிரிழை தடிப்பாக இருந்து கீகேப்பின் கழுத்தை விரிசல் விடவைத்தது, 2018-இல் அளவைத் திருத்திவிட்டார்கள். இன்று புதிதாக வாங்கினால் பிரச்சினை இல்லை. யாராவது பெட்டியில் கிடந்த பழைய சரக்கைத் தள்ளிவிட்டால் வாங்காதீர்கள், ஏனென்றால் ஸ்விட்ச் போனால் இன்னொன்று கிடைக்கும், முப்பது வருஷத்துக் கீகேப் கிடைக்காது.

அவுடெமு, கேட்டரான் ப்ளூக்களும் செர்ரி மாதிரியே ஜாக்கெட் வழிதான். அவுடெமு கொஞ்சம் கூச்சல் ஜாஸ்தி, கேட்டரான் வழுவழுப்பு. கெட்டது என்று சொல்ல மாட்டேன், ஆனால் ஏற்கெனவே செர்ரி இருக்கும் கீபோர்டில் நடுநடுவே இவற்றைச் செருகினால் எந்தக் கீ மாற்றப்பட்டது என்று கண்ணை மூடிக்கொண்டே சொல்லிவிடலாம்.

இதற்கு ஒரு நல்ல வழி இருக்கிறது, பலர் செய்வதில்லை. ஓரிரு கீ மட்டும் கெட்டுப்போயிருந்தால் புது ஸ்விட்சை அந்த இடத்தில் போடாதீர்கள். ஸ்க்ரோல் லாக், பாஸ் (Pause) மாதிரி யாரும் தொடாத கீயிலிருந்து பழைய ஸ்விட்சை எடுத்து எழுத்துக் கீக்குக் கொண்டுவாருங்கள், புதுசை ஸ்க்ரோல் லாக்குக்கு அனுப்புங்கள். அந்தப் பழைய ஸ்விட்சும் அதே காலத்தது, அதே சத்தம், தேய்மானம் மட்டும் இல்லை.

ஒரே ஸ்விட்ச் எல்லாக் கீபோர்டிலும் ஒரே சத்தம் தராது என்பதையும் சொல்லியாக வேண்டும். ஜேடைத் தகடில்லாத கீபோர்டில் போட்டால் அதன் கூர்மை பிளாஸ்டிக் உடம்புக்குள் கரைந்து 'டொக்' என்று வருகிறது. அதே ஸ்விட்ச் இரும்புத் தகட்டில் 'டிங்' என்று பின்னால் ஒரு ரீங்காரம் விடுகிறது. வீடியோவில் கேட்டு முடிவு செய்வது இதனால்தான் வீண். ஒவ்வொரு வகையிலும் நான்கைந்து வாங்கி, உங்கள் கீபோர்டிலேயே, உங்கள் பழைய கீகேப்பைப் போட்டுத் தட்டிப் பார்த்துவிட்டு மீதியை வாங்குங்கள்.

சால்டர் வேலையைப் பற்றிக் கொஞ்சம். 101 கீ என்றால் 202 பற்றுகள். பழைய கீபோர்டில் இருப்பது ஈயம் கலந்த சால்டர், 183 டிகிரி செல்சியஸ் அளவிலேயே உருகிவிடும், அயர்ன் 320 முதல் 350 வரை போதும். காய்ந்து மங்கிப்போன பற்றில் முதலில் கொஞ்சம் புது சால்டரைச் சேர்த்து உருக்கி, பிறகு உறிஞ்சுங்கள். சேர்ப்பதற்கும் எடுப்பதற்கும் என்ன கணக்கு என்று தோன்றும், ஆனால் புதுசோடு கலந்தால்தான் பழசு முழுசாக இளகும். உறிஞ்சிய பிறகு பின்னை ட்வீசரால் லேசாக ஆட்டிப் பாருங்கள், ஆடினால் மட்டும் ஸ்விட்சை இழுக்கவும். பழுப்பு நிற ஒற்றைப்பக்க பிசிபி என்றால் இரட்டிப்புக் கவனம், அதில் செம்பு வெறும் பசையில்தான் ஒட்டியிருக்கிறது, இழுத்தால் கூடவே உரிந்து வந்துவிடும்.

இனி ஆல்ப்ஸ். நார்த்கேட் ஆம்னிகீ மாதிரிக் கீபோர்டுகளில் வரும் வெள்ளை ஆல்ப்ஸும், அதற்கும் முந்தைய நீல ஆல்ப்ஸும்தான் கிளிக் ரகங்களில் பெயர் போனவை. ஆல்ப்ஸ் இவற்றைச் செய்வதை நிறுத்தி வெகுகாலம் ஆகிவிட்டது. புதிதாக வேண்டும் என்றால் கனடாவின் மத்தியாஸ் கம்பெனியின் கிளிக் ஸ்விட்ச், ஓட்டை பொருந்தும், பின் பொருந்தும், கீகேப்பும் ஏறும். நல்ல ஸ்விட்ச்தான். ஆனால் நல்ல நிலையில் உள்ள நீல ஆல்ப்ஸுக்குப் பக்கத்தில் வைத்தால் அதன் சத்தம் மெலிந்து, சுருதி ஏறிக் கேட்கிறது, விரலில் உள்ள அந்தக் கனிவும் குறைவு. எல்லாக் கீயும் போய்விட்ட கீபோர்டை உயிர்ப்பிக்க வேண்டும் என்றால் தயங்காமல் இதைப் போடலாம். பாதி நன்றாக இருக்கும் கீபோர்டில் இதைக் கலக்க எனக்கு மனசு வராது.

கலக்கத் தேவையும் இல்லை. ஆல்ப்ஸின் அருமையே, சால்டரைத் தொடாமல் ஸ்விட்ச் கீபோர்டில் இருக்கும்போதே மேல்மூடியைத் திறந்துவிடலாம் என்பது. இரண்டு பக்கமும் ட்வீசர் முனையை நுழைத்து நெம்பினால் மூடி, ஸ்லைடர் (கீயோடு மேலும் கீழும் போகும் தண்டு), ஸ்பிரிங் எல்லாம் கையில் வந்துவிடும். பக்கச் சுவரில் செருகியிருக்கும் வளைந்த மெல்லிய தகடுதான் கிளிக் லீஃப், ஸ்லைடர் உரசிக்கொண்டு போகும்போது அது தெறித்துச் சுவரில் அடிப்பதுதான் சத்தம். சத்தம் செத்துப்போன கீயில் முக்கால்வாசி நேரம் இந்த லீஃபும் ஸ்லைடரும் தூசியில் ஊறிப்போயிருக்கும், கழுவித் துடைத்து மாட்டினால் போதும். அதில் எண்ணெயோ கிரீஸோ விடாதீர்கள், கிளிக் அப்படியே அமுங்கிவிடும், மீதித் தூசியும் வந்து ஒட்டிக்கொள்ளும். லீஃப் வளைந்துபோயிருந்தால் உடைந்த ஒரு கீபோர்டை உதிரிக்காக வாங்குவது புது ஸ்விட்சை விட நல்ல யோசனை. கிளிக் இல்லாத ஆல்ப்ஸ் ஸ்விட்சில் கிளிக் லீஃபை மாற்றி வைத்து அதையே கிளிக் ஸ்விட்சாக்கிக்கொள்கிறவர்களும் உண்டு. அழுத்தினால் கீழேயே நிற்கும் கேப்ஸ் லாக் உள்ள பழைய ஆப்பிள் கீபோர்டு என்றால் அந்த ஒரு ஸ்விட்சை மட்டும் தொடாதீர்கள், அதற்கு மாற்று கிடையாது.

ஸ்பேஸ்பார் விட்டுப்போயிற்று. எம்எக்ஸ் ப்ளூ கீபோர்டில் அதற்கு மட்டும் கனமான எம்எக்ஸ் கிரீன் போடுவது பழைய வழக்கம், கட்டைவிரல் வைத்த மாத்திரத்தில் அழுந்தாமல் இருக்க. ஜேட் கீபோர்டில் அந்த இடத்துக்கு நேவி, அதன் கனம் பிரயோஜனப்படுவது அங்கேதான்.

கழற்றிய பழைய ஸ்விட்சுகளைக் குப்பையில் போடாமல் டப்பாவில் எடுத்து வையுங்கள், எந்தக் கீபோர்டிலிருந்து வந்தது என்று மேலே எழுதியும் வையுங்கள். முக்கியமாக ஆல்ப்ஸ் என்றால்: பழைய வகையின் லீஃப் பின்னால் வந்த எளிமையாக்கிய வகையில் உட்காராது, இரண்டையும் ஒன்றாகக் கொட்டிவிட்டால் பிரிப்பதற்கே ஒரு ஞாயிற்றுக்கிழமை போய்விடும்.