துட்டி கேட்க வந்த நூலகம்

கன்னியாகுமரி மாவட்டத்துத் திங்கள்சந்தையிலிருந்து பேருந்தில் அரை மணி நேரத்துக்குள் போய்விடக்கூடிய ஒரு கிளை நூலகத்தில், கடந்த நவம்பர், டிசம்பர் மாதங்களில், சாவையும் அதன் பின்னான துக்கத்தையும் பற்றி ஊர் கூடி வாசிக்கும் நிகழ்ச்சி ஒன்று ஆறு அமர்வுகளாக நடந்தது. வாசகர் வட்டமும் நூலகரும் சேர்ந்து நடத்தினார்கள். கட்டணம் கிடையாது, உறுப்பினர் அட்டையும் கேட்கவில்லை. ஆறில் ஐந்துக்குச் சென்றவன் என்ற முறையில் என் மதிப்பீட்டை எழுதுகிறேன். அடுத்த ஆண்டும் நடத்தப்போவதாகச் சொல்லியிருப்பதால், போகலாமா என்று யோசிப்பவர்களுக்கும் நடத்துகிறவர்களுக்கும் இது பயன்படக்கூடும். குறைகளையும் எழுதவேண்டியிருப்பதால் ஊர்ப் பெயரைச் சொல்லவில்லை.

நான் சென்றதற்குக் காரணம் என் அம்மா. சென்ற ஆவணியில், 81 வயதில் காலமானார். துட்டி கேட்க, அதாவது துக்கம் விசாரிக்க, வந்தவர்கள் எல்லோரும் முதலில் வயதைத்தான் கேட்டார்கள். சொன்னதும் "கல்யாணச் சாவுல்லா" என்று முகம் தெளிந்தார்கள். அவர்கள் சொன்னதில் தவறில்லை. ஆனால் அந்தச் சொல்லுக்குப் பிறகு நான் பேசுவதற்கு எதுவும் மிஞ்சவில்லை. பதினாறாம் நாள் அடியந்திரம் முடிந்து பந்தலைப் பிரித்த பிறகு, அம்மாவின் பெயரை என்னிடம் எடுத்தவர்கள் மின்கட்டண அட்டையில் பெயர் மாற்றச் சொன்னவர்கள் மட்டுமே. அந்த நிலையில்தான் நூலக வாசலில் ஒட்டியிருந்த அறிவிப்பைப் பார்த்தேன்.

ஊர் முழுவதும் ஒரே நூலை வாசித்து அதைப் பற்றிப் பேசும் முறை 1998இல் அமெரிக்காவின் சியாட்டில் நகரில் நான்சி பெர்ல் என்ற நூலகரால் தொடங்கப்பட்டது என்றும், அதற்கு அவர்கள் முதன்முதலாக எடுத்துக்கொண்டதே பள்ளிப் பேருந்து விபத்தில் பிள்ளைகளைப் பறிகொடுத்த ஒரு சிற்றூரைப் பற்றிய ரஸ்ஸல் பேங்க்ஸின் நாவல்தான் என்றும் தொடக்க உரையில் சொன்னார்கள். செய்தி சரியே. ஆனால் அதை நமக்குப் பழக்கமே இல்லாத சரக்கு போலச் சொன்னது எனக்கு ஒப்பவில்லை. சாமிதோப்பில் அய்யாவழியினரின் திருஏடு வாசிப்பு கார்த்திகை மாதம் 17 நாள் நடக்கிறது. தக்கலையில் பீர் முகம்மது அப்பாவின் தர்காவில் ஆண்டு விழாவின்போது அவர் இயற்றிய ஞானப்புகழ்ச்சிப் பாடல்களை விடிய விடியக் கூட்டமாகப் பாடுகிறார்கள். கடற்கரைக் கத்தோலிக்கக் கோயில்களில் தவக்காலத்தில் இயேசு பட்ட துன்பங்களைச் சொல்லும் வியாகுலப் பிரசங்கம் வாசிக்கும்போது கண்ணைத் துடைக்காத கிழவிகள் குறைவு. ஒருவர் வாசிக்க ஊர் இருந்து கேட்பதில் சியாட்டில் நமக்குச் சொல்லித்தர அதிகம் இல்லை. இந்த மூன்று கூட்டத்தாரும் ஒரே பெஞ்சில் நெருக்கியடித்து உட்கார்ந்ததுதான் புதிது. அதற்கான பாராட்டு முழுவதும் நடத்தியவர்களுக்கே உரியது.

ஒரே நூலுக்குப் பதிலாக, பல காலத்துப் பாடல்களையும் பகுதிகளையும் சேர்த்து, நகலெடுத்துத் தைத்த ஒரு சிறு தொகுப்பை முன்கூட்டியே வீடுகளுக்குக் கொடுத்தார்கள். எழுத்து மிகச் சிறியது. 'நெய்தல்' என்பது 'நெய்தால்' என்று அச்சாகியிருந்தது. கண்ணாடி போட்டும் படிக்க முடியாத முதியவர்கள் பேரப்பிள்ளைகளை அழைத்துவர, இரண்டாம் வாரத்திலிருந்து ஒவ்வொரு பகுதியையும் ஒரு பள்ளிப் பிள்ளை எழுந்து இரண்டு முறை உரக்க வாசிப்பது என்று ஆயிற்று. முதல் முறை தடுக்கித் தடுக்கி, இரண்டாம் முறை ஓரளவு ஓட்டமாக. எனக்கு அந்த முதல் வாசிப்புதான் பிடித்தது, ஏனென்றால் பிள்ளை தடுக்கும் இடத்தில் நாமும் நின்று அந்தச் சொல்லைப் பார்த்துவிடுகிறோம். இடைவேளையில் கருப்பட்டி போட்ட கட்டங்காப்பி கொடுத்தார்கள். "துட்டி வீட்டுக் காப்பியையே தந்துட்டியளே" என்று ஒரு பெரியவர் சொன்னதில் கூட்டம் முதன்முறையாகச் சிரித்தது.

முதல் அமர்வில் புறநானூற்றின் 194ஆம் பாடல். ஒரு வீட்டில் சாப்பறை, இன்னொரு வீட்டில் மணமுழவு; இப்படி ஓர் உலகத்தைப் படைத்தவன் பண்பில்லாதவன் என்று பக்குடுக்கை நன்கணியார் வைகிறார். அந்த ஒரு வசவைப் பிடித்துக்கொண்டு ஒரு மணி நேரம் பேசினோம். சவ ஊர்வலம் கடக்கும்போது கல்யாண மண்டபத்து ஸ்பீக்கரை நிறுத்தவேண்டுமா, சத்தத்தைக் குறைத்தால் போதுமா என்பதில் தொடங்கி, கடவுளை வையலாமா என்பது வரை பேச்சு போயிற்று. இரண்டாம் அமர்வில் பட்டினத்தார் தாய்க்குக் கொள்ளி வைத்தபோது பாடிய பாடல்கள். என் முறை வந்தபோது, அம்மா புளி கரைத்த கையோடு தபால்காரரிடம் கையெழுத்துப் போட்டதால் பதிவுத் தபால் ரசீதெல்லாம் பழுப்புக் கறையோடு போகும் என்பதைச் சொன்னேன். பத்து நிமிடம் பேசியிருப்பேன். யாரும் வயதைக் கேட்கவில்லை.

வீட்டிலேயே இருந்து சாகிறவர்களைப் பராமரிப்பது பற்றிச் செவிலியர் ஒருவர் பேசிய அமர்வுக்கு மட்டும் நான் போகவில்லை. கூட்டம் நிறைய என்று கேள்விப்பட்டேன். ஒப்பாரி அமர்வு சரியாக அமையவில்லை. ஒப்பாரி தெரிந்த மூதாட்டி ஒருவரை மேடைக்கு அழைக்க, "துட்டி இல்லாத எடத்துல பாடப்பிடாது" என்று அவர் மறுத்துவிட்டார். இதை முன்பே கேட்டிருக்கலாம். பதிலுக்குக் கைப்பேசியில் யாரோ பாடியதைப் போட்டுக் காட்டியபோது பலர் எழுந்து வெளியே போனார்கள்.

நிகழ்ச்சியின் உச்சமும், என் பார்வையில் அதன் பெரிய குறை வெளிப்பட்டதும் ஒரே அமர்வில்தான். தேரூரில் பிறந்த கவிமணி, எட்வின் ஆர்னால்டு 1879இல் வெளியிட்ட ஆங்கிலக் காவியத்தைத் தழுவி எழுதிய 'ஆசிய ஜோதி'யிலிருந்து, புத்தரிடம் வரும் மகனிழந்த தாயின் பகுதியை எட்டாம் வகுப்புப் பெண் ஒருத்தி வாசித்தாள். பௌத்த மரபில் கிசா கௌதமி என்று அறியப்படும் அந்தத் தாய், சாவு நேராத வீட்டிலிருந்து கடுகு வாங்கிவரச் சொல்லப்பட்டு, வீடு வீடாக ஏறி இறங்கி, அப்படி ஒரு வீடே இல்லை என்று தெரிந்து திரும்புகிறாள். தெரிந்த கதைதான். எல்லோருக்கும் நேர்வது என்று உணர்ந்தால் மனம் ஆறும் என்று வாசகர் வட்டத்தார் ஒருவர் விளக்கிக்கொண்டிருந்தபோது, கடற்கரையிலிருந்து வந்திருந்த ஓர் அக்கா இடைமறித்துச் சொன்னார்: "அவளுக்க கையில பிள்ள இருந்ததுல்லா. எனக்குக் கையில என்ன இருந்துச்சு?"

2017 நவம்பர் 30ஆம் தேதி ஒக்கி புயல் அடித்தபோது ஆழ்கடலில் தங்கலுக்கு, அதாவது நாள்கணக்கில் கடலிலேயே தங்கி மீன்பிடிக்க, போயிருந்தவர்களில் அவருடைய கணவரும் ஒருவர். தூத்தூர் முதல் நீரோடி வரையுள்ள ஊர்களில் உடல் கிடைக்காமலே போன வீடுகள் எத்தனையோ இருக்கின்றன. பிள்ளையை இறக்கி வைத்துவிட்டு வெறுங்கையோடு திரும்பும்போது அந்தத் தாயின் துக்கத்துக்கு ஒரு வடிவம் கிடைக்கிறது. இறக்கி வைப்பதற்கே ஒன்றும் இல்லாதவர்கள் எந்த வீட்டில் போய்க் கடுகு கேட்பது? விளக்கிக்கொண்டிருந்தவர் பதில் சொல்லாமல் உட்கார்ந்துவிட்டார். அன்று அவர் செய்ததில் சிறந்தது அதுதான் என்று நினைக்கிறேன்.

அதன் பிறகு தொகுப்பை மீண்டும் புரட்டிப் பார்த்தேன். அதிலிருந்த எல்லாச் சாவுகளும் உடல் கிடைத்த சாவுகள்: பறை அடித்து, கொள்ளி வைத்து, குழி மூடி முடித்தவை. திருக்குறளின் நிலையாமை அதிகாரம்கூட, நேற்று இருந்தவன் இன்று இல்லை என்று உறுதியாகத் தெரிந்தவர்களின் பேச்சு. அலை எடுத்த ஊர்களும் புயல் எடுத்த ஊர்களும் இருக்கும் மாவட்டத்தில் இதை ஒரு சிறு விடுபடல் என்று என்னால் தள்ளிவிட முடியவில்லை. நவம்பர் கடைசிச் சனிக்கிழமை ஒக்கியின் நினைவு நாளை ஒட்டியே வந்தது. அன்று அதைப் பற்றி ஒரு சொல்கூட மேடையிலிருந்து வரவில்லை.

அடுத்து அவர்கள் கொடுத்த துண்டுப்பிரசுரம். துக்கத்துக்கு ஐந்து படிகள் என்று ஏணி வரைந்து, மறுப்பில் தொடங்கி ஏற்பில் முடித்திருந்தார்கள். மனநல மருத்துவர் எலிசபெத் கூப்ளர் ராஸ் 1969இல் அந்த ஐந்தையும் எழுதியது, சாகப்போகிறோம் என்று அறிந்த நோயாளிகளுடன் பேசியதை வைத்து; பின்னால் இருந்து அழுகிறவர்கள் வரிசையாக ஏறவேண்டிய படிகளாக அல்ல. அந்தத் தாளைப் பார்த்துவிட்டு, தான் எட்டு வருடமாக முதல் படியிலேயே நிற்பதாக அந்த அக்கா தன்னையே குறை சொல்லிக்கொண்டார். பாலின் பாஸ் என்ற ஆய்வாளர் 1970களில், வியட்நாம் போரில் காணாமற்போன வீரர்களின் குடும்பங்களோடு பழகி, இருக்கிறாரா இல்லையா என்று தெரியாத இழப்பு தனி வகை என்றும், அது முடிவுக்கு வராமல் இருப்பது அந்தக் குடும்பத்தின் பலவீனம் அல்ல என்றும் விளக்கியிருக்கிறார். ஏணிக்குப் பதில் இதை ஒரு பக்கம் எளிய தமிழில் எழுதிக் கொடுத்திருந்தால் கடற்கரையிலிருந்து வந்தவர்களுக்கு உதவியிருக்கும்.

நேரத்தைப் பற்றியும் சொல்லவேண்டும். சனிக்கிழமை மாலை 4 மணி என்பது ஞாயிற்றுக்கிழமைக் கறிக்கு ஊரார் மீன் வாங்கும் நேரம். மீன் விற்கிற பெண்கள் அப்போது சந்தையில் இருப்பார்கள். அந்த அக்காவே கூடையைத் தங்கச்சியிடம் விட்டுவிட்டு வந்தவர். ஞாயிறு பிற்பகல் என்றால் கடலுக்குப் போகாத ஆண்களும் வந்திருப்பார்கள். இடையில் இரண்டாம் சனிக்கிழமை விடுமுறைகளால் பதினைந்து நாள் இடைவெளி விழுந்தபோது, தொடர்ந்து வந்துகொண்டிருந்தவர்களில் சிலர் நின்றும் போனார்கள்.

இத்தனை குறைகளையும் சொன்ன பிறகும் போகச் சொல்லியே எழுதுகிறேன். ஐந்துக்கு மூன்றரை கொடுப்பேன். அந்த அரை மதிப்பெண் பதிவேட்டுக்காக. கடைசி அமர்வில், இறந்தவர்களின் பெயரை எழுத ஒரு நீள நோட்டை மேசையில் வைத்திருந்தார்கள். பெயர், ஊர், இறந்த தேதி என்று மூன்று பத்தி, அடிக்கோல் வைத்துச் சிவப்பு மையில் போட்டது. நான் அம்மாவின் பெயரை எழுதிவிட்டு நகர்ந்தேன். எனக்குப் பின்னால் நின்ற அந்த அக்கா பெயரையும் ஊரையும் எழுதிவிட்டு, மூன்றாம் பத்தியில் பேனாவை வைத்தபடி நின்றார். ஏழாண்டு செய்தி இல்லையென்றால் இறந்ததாகக் கொள்ளலாம் என்று சட்டம் சொல்கிறது; எந்தத் தேதியில் என்று அது அவருக்குச் சொல்லவில்லை. நூலகர் எழுந்து வந்து, ஒன்றும் பேசாமல், 'இறந்த தேதி' என்பதை அடித்துவிட்டு மேலே 'கடைசியாகப் பார்த்த நாள்' என்று எழுதினார். அக்கா உடனே எழுதிவிட்டார், மணி உட்பட: விடியற்காலை 3.

அந்த நோட்டு இப்போதும் செய்தித்தாள் மேசைக்கு இடப்பக்கம் இருக்கிறது. அடுத்த பக்கங்களிலும் தலைப்பைத் திருத்திவிட்டார்கள். யார் வேண்டுமானாலும் எழுதலாம்; வெள்ளிக்கிழமை விடுமுறை. நூலில் கட்டியிருக்கும் பேனாவில் மை தீர்ந்துவிட்டது, கையில் ஒன்று கொண்டுபோவது நல்லது.