ஃபேர்னஸ் நல்லதுதான், கதவுதான் சனியன்

ஸ்காபரோவில் வீடு வாங்கியிருக்கும் சிநேகிதன் ஒருவன், எங்கள் வீட்டுக் காஸ் ஃபேர்னஸையே (காஸை எரித்து வீட்டைச் சூடாக்கும் மெஷின்) தானும் போடலாமா என்று கேட்டான். ஓம் என்று சொல்ல வாயெடுக்க, போன கிழமை அது பார்த்த வேலை ஞாபகம் வந்துவிட்டது.

சூட்டில் ஒரு குறையும் இல்லை. வெளியே மைனஸ் 20 என்றாலும் வீட்டுக்குள் 21 பாகை அசையாது. 96 வீதத் திறன் உள்ள ரகம். சூட்டை உள்ளேயே உறிஞ்சிவிடுவதால் புகை போவதற்கு வெறும் பிளாஸ்டிக் குழாயே போதும். சத்தமும் பெரிதாக இல்லை.

வில்லங்கமெல்லாம் அது தொடங்க மறுக்கிற நாளில்தான். கதவில் காசளவு கண்ணாடித் துவாரம் ஒன்று. உள்ளே போர்டில் சிவப்பு லைட் மின்னும். எத்தனை தரம் மின்னுகிறது என்று எண்ணினால் என்ன பிழை என்று தெரியும். அருமையான ஏற்பாடு! ஆனால் எத்தனை மின்னலுக்கு என்ன அர்த்தம் என்ற அட்டவணையை ஒட்டியிருப்பது கதவின் உட்பக்கத்தில். கதவைக் கழற்றினால் பாதுகாப்பு சுவிட்ச் கரண்டை வெட்டும், லைட் அணையும். திரும்பப் பூட்டினால் பழைய பிழையை மறந்து முதலிலிருந்து தொடங்கும். இதை வடிவமைத்தவர் ஒருநாளும் குளிர்ந்த பேஸ்மென்றில் முழங்காலில் நின்று டோர்ச் பிடித்திருக்கமாட்டார்.

அந்த சுவிட்ச் வேண்டாம் என்று சொல்லவில்லை. கதவில்லாமல், வீட்டுக்குச் சூட்டுக் காற்றைத் தள்ளும் பெரிய விசிறி ஓடினால் கையையும் வெட்டும், எரிந்த புகையையும் வீட்டுக்குள் இழுக்கக்கூடும். அது இருக்கத்தான் வேணும். ஒரு ஸ்டிக்கரை வெளிப்பக்கம் ஒட்ட என்ன கேடு?

இப்போது அட்டவணையைப் போனில் படமெடுத்து வைத்திருக்கிறேன். அதைவிடக் காதுதான் உதவி. முதலில் புகையை வெளியே தள்ளும் சின்ன விசிறி உறுமும். பிறகு, புகை ஒழுங்காக வெளியே போகிறதா என்று பார்க்கும் பிரஷர் சுவிட்ச் 'டிக்' என்னும். பற்றவைக்கும் கம்பி செம்மஞ்சளாகப் பழுக்கும். காஸ் வால்வு திறந்து நெருப்புப் பிடிக்கும். கொஞ்சம் பொறுத்துத்தான் பெரிய விசிறி. எந்த இடத்தில் நிற்கிறதோ அங்கேதான் பிழை. பற்றிய நெருப்பு சில செக்கனில் அணைந்தால் அநேகமாக நெருப்பைக் கண்டறியும் ஃபிளேம் சென்சரில் அழுக்கு.

எங்களுடையதில் சின்ன விசிறி ஓடிக்கொண்டே இருந்தது, அதற்கு மேல் ஒன்றும் நடக்கவில்லை. உள்ளே களக் களக் என்று தண்ணீர்ச் சத்தம். வெளிக் குழாய் வாயில் ஸ்னோ மூடவில்லை. வந்த டெக்னீஷியன் சத்தத்தைக் கேட்டதுமே சிரித்தார். இந்த ரகத்தில் புகை குளிர்ந்து தண்ணீராகும், அது வடிந்து போகிற 'ட்ராப்' என்ற சின்னக் கிண்ணம் அடைத்துக் கிடந்தது, தண்ணீர் தேங்கியதால் பிரஷர் சுவிட்ச் 'டிக்' என்னவில்லை. கழற்றிக் குழாயடியில் பிடித்தால் புளித்த கஞ்சி மாதிரி ஒரு வழுவழுப்பு. கழுவிப் பூட்டினார், 'டிக்' கேட்டது. ஒரு பாகமும் மாற்றவில்லை, பில் மட்டும் வந்தது.

ஆளைக் கூப்பிட முன் பார்க்க வேண்டியவை: தெர்மோஸ்டாட் பற்றரி, பிரேக்கர், பிறகு ஃபேர்னஸுக்குப் பக்கத்திலோ படியடியிலோ லைட் சுவிட்ச் போலவே இருக்கும் அதன் சுவிட்ச். சாமான் எடுக்கப் போகிற யாராவது அதை அணைத்துவிடுவது வழமை. அடுத்தது ஃபில்டர், அது அடைத்தால் சூடு மிஞ்சி நெருப்பை நிறுத்திவிடும். சில தரம் முயன்று பற்றாவிட்டால் மெஷின் தானே பூட்டிக்கொள்ளும். அப்போது திரும்பத் திரும்ப ரீசெற் பண்ண வேண்டாம். காஸ் மணந்தால் ஒரு சுவிட்சிலும் கைவைக்காமல் எல்லோரும் வெளியே போய்த்தான் போன் எடுக்க வேணும். காஸ் வேலைக்கு ஒன்ராறியோவில் ரிஎஸ்எஸ்ஏ (TSSA, அங்கே காஸ் பாதுகாப்பைக் கவனிக்கும் அமைப்பு) லைசன்ஸ் உள்ளவரையே பிடியுங்கள்.

ஐந்துக்கு நாலரை கொடுக்க வேண்டிய சாமான். இன்றைக்கு என் கையால் இரண்டுக்கு மேல் விழாது. சிநேகிதா, நீ வேறு ஒன்றைப் பார். திறன் எத்தனை வீதம் என்று பிறகு கேட்கலாம், அட்டவணை கதவின் எந்தப் பக்கம் என்று முதலில் கேள்.