தஹினி சாஸ்: பாட்டிலா, வெள்ளை எள்ளா, சந்தை எள்ளா?

தஹினி என்பது எள்ளை அரைத்த விழுது, அதில் எலுமிச்சையும் பூண்டும் தண்ணீரும் சேர்த்து அடிப்பதுதான் தஹினி சாஸ். அதற்கு எதை வாங்குவது என்பதற்குப் பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். தோல் நீக்கிய வெள்ளை எள்ளை வாங்கி, மிதமாக வறுத்து, மிக்ஸியில் விழுதாக அரைத்துக்கொண்டு, அப்புறம் தனிப் பாத்திரத்தில் எலுமிச்சையும் குளிர்ந்த தண்ணீரும் விட்டு அடிப்பதற்குத்தான் என்னிடம் முதலிடம். கடையில் பாட்டிலில் விற்கும் எள் விழுது இரண்டாவது. சந்தையில் கிடைக்கும் தோலோடு உள்ள பழுப்பு எள் மூன்றாவது, ஆனால் அதை ஒதுக்கிவிட மாட்டேன், அதற்கென்று ஒரு இடம் இருக்கிறது. எல்லாவற்றையும் ஒரே ஜாரில் கொட்டி சட்னி மாதிரி அரைப்பது மட்டும் வேண்டவே வேண்டாம்.

இது யாருக்கு வேண்டும் என்று கேட்பவர்களுக்கு: தர்மபுரியிலும் சரி, கிருஷ்ணகிரி, ஓசூரிலும் சரி, சாயங்காலமானால் கிரில் சிக்கன், ஷவர்மா கடைகள் முன்னால் கூட்டம் நிற்கிறது. 2025 ஏப்ரலில் தமிழ்நாடு அரசு பச்சை முட்டையில் செய்யும் மயோனைஸுக்கு ஓராண்டுத் தடை போட்டதும், பிள்ளைகளுக்கு அதற்குப் பதிலாக என்ன கொடுப்பது என்ற பேச்சு பல வீடுகளில் வந்தது. லெபனான், சிரியா, பாலஸ்தீனப் பக்கமெல்லாம் ஃபலாஃபல் என்ற கொண்டைக்கடலை வடைக்கும் ஆட்டிறைச்சி, மாட்டிறைச்சி ஷவர்மாவுக்கும் காலங்காலமாக ஊற்றுவது இந்த எள் சாஸைத்தான். முட்டை கிடையாது, அடுப்பில் கொதிக்கவைக்கும் வேலையும் கிடையாது. எள் விழுது, எலுமிச்சை, பூண்டு, உப்பு, தண்ணீர், அவ்வளவுதான் சாமான். இத்தனை குறைவான சாமானில் செய்வதால் ஒன்று சுமாராக இருந்தாலும் நாக்கு உடனே கண்டுபிடித்துவிடும், அதனால்தான் எதை வாங்குவது என்று இவ்வளவு தூரம் யோசிக்க வேண்டியிருக்கிறது.

முதலில் பாட்டில். ஓசூரில் பெரிய சூப்பர் மார்க்கெட்டுகளில் கிடைக்கும், மற்ற ஊர்க்காரர்கள் ஆன்லைனில்தான் வாங்க வேண்டும். அதன் பலம் வழவழப்பு, அதில் சந்தேகமே இல்லை. ஆலையில் கல்லிலோ அதற்கென்று உள்ள இயந்திரத்திலோ அரைக்கிற அளவுக்கு வீட்டு மிக்ஸி வராது. சாஸும் நல்ல வெளுப்பாக வரும். பலவீனம் இரண்டு. ஒன்று விலை, ஒரு சின்ன பாட்டிலின் விலைக்கு ஏறக்குறைய ஒரு கிலோ எள் வாங்கிவிடலாம். இன்னொன்று பழசாகிவிடுவது, இதுதான் எனக்குப் பெரிய குறை. எள் விழுதில் பாதிக்கு மேல் எண்ணெய், அது கிடங்கிலும் அலமாரியிலும் மாதக்கணக்கில் வெயில்காலத்தைத் தாண்டி நம் கைக்கு வரும்போது லேசான சிக்கு வாடை ஏறியிருக்கும். எலுமிச்சையும் பூண்டும் அதைக் கொஞ்சம் மறைக்கும், ஆனால் சாப்பிட்ட பிறகு தொண்டையில் ஒரு காறல் நிற்கும். பாட்டில்தான் வசதி என்றால், பின்பக்கம் சாமான் பட்டியலில் எள் மட்டும் இருக்கிறதா என்று பாருங்கள், தயாரித்த தேதியையும் பாருங்கள். மேலே எண்ணெய் பிரிந்து நிற்பது கெட்டுப்போன அறிகுறி இல்லை, அடிவரை கரண்டி விட்டுக் கிளறினால் சேர்ந்துவிடும். எண்ணெயைக் கொட்டிவிட்டால்தான் வம்பு, அடியில் இருப்பது கல்லாகிவிடும்.

இப்போது எள். மளிகைக்கடையில் போய் வெள்ளை எள் என்று மட்டும் கேட்டால் இரண்டு வகையில் ஏதோ ஒன்று வரும். "அண்ணா, இது தோலெடுத்ததா?" என்று கேட்டால், "எல்லாம் ஒண்ணுதாங்க, வெள்ளை எள்ளுதான்" என்பார்கள். ஒன்றில்லை. தோலோடு உள்ள வெள்ளை எள் மங்கலாக, கொஞ்சம் சந்தன நிறத்தில், ஒரு மணிக்கும் இன்னொரு மணிக்கும் நிறம் மாறி இருக்கும். தோல் நீக்கியது ஒரே சீராக, பளிச்சென்று, தொட்டால் லேசான எண்ணெய்ப் பசையோடு இருக்கும். சந்தேகம் வந்தால் ஒரு ஸ்பூன் எள்ளை வெதுவெதுப்பான தண்ணீரில் ஊறப்போட்டு, கொஞ்ச நேரம் கழித்து விரல்களுக்கு நடுவில் தேயுங்கள். தோல் இருந்தால் மெல்லிய சவ்வாக உரிந்து தண்ணீரில் வரும்.

அந்தத் தோல் சாஸுக்கு ஏன் ஆகாது என்றால் கசப்பு. தோலில் ஆக்சலேட் என்ற, கால்சியத்தைப் பிடித்துக்கொள்ளும் பொருள் அதிகம், கசப்பில் பெரும்பங்கு தோலுடையது. எள்ளுருண்டையில் வெல்லம் இருக்கிறது, எள்ளுப்பொடியில் மிளகாயும் பெருங்காயமும் இருக்கின்றன, அங்கே அந்தக் கசப்பு தெரியாது, தெரிந்தாலும் நன்றாகவே இருக்கும். எலுமிச்சையும் பூண்டும் மட்டும் உள்ள சாஸில் அது ஒளிந்துகொள்ள இடமில்லை. வீட்டிலேயே தோலெடுக்கலாமா என்றால், எடுக்கலாம். ஊறவைத்து, சாக்குத் துணியில் போட்டுத் தேய்த்து, அலசி, காயவைக்க வேண்டும். மேற்காசிய ஆலைகளில் தேய்த்த எள்ளை நல்ல உப்புத் தண்ணீரில் போட்டுத் தோலையும் பருப்பையும் பிரிப்பது பழைய முறை, தோல் அடியில் தங்கிவிடும், பருப்பு மேலே மிதக்கும், அள்ளிக்கொள்வார்கள். கேட்க நன்றாக இருக்கிறது, ஆனால் கால் கிலோ எள்ளுக்கு அரை நாள் உட்கார்வதை நான் யாருக்கும் சிபாரிசு செய்ய மாட்டேன். தோலெடுத்ததையே வாங்கிவிடுங்கள்.

"தோலை எடுத்துவிட்டால் சத்தே போய்விடுமே" என்று வீட்டில் பெரியவர்கள் சொல்வதில் நியாயம் இருக்கிறது. தோலோடு உள்ள எள்ளில் 100 கிராமுக்கு ஏறக்குறைய 975 மில்லிகிராம் கால்சியம், அதில் பெரும்பகுதி தோலில்தான். ஆனால் அதே தோலில் உள்ள ஆக்சலேட் அந்தக் கால்சியத்தைப் பிடித்து வைத்துக்கொள்வதால் எண்ணில் இருப்பது முழுவதும் உடம்பில் சேர்வதில்லை. அதோடு நம் மாவட்டக்காரர்கள் கேழ்வரகுக் களி சாப்பிடுகிறவர்கள், கேழ்வரகிலேயே 100 கிராமுக்கு 340 மில்லிகிராமுக்கு மேல் கால்சியம் இருக்கிறது. இரண்டு ஸ்பூன் சாஸில் போய் கால்சியக் கணக்கைத் தீர்க்க வேண்டியதில்லை, அது ருசிக்காக இருக்கட்டும்.

வறுப்பதில் பச்சையாக அரைப்பவர்கள் ஒரு கட்சி, பொன்னிறமாக வறுப்பவர்கள் ஒரு கட்சி. எனக்கு இரண்டும் சரிப்படவில்லை. பச்சை எள் மொறுமொறுப்பாக இல்லாததால் சரியாக உடையாது, வாசனையும் வராது. பொன்னிறம் தாண்டினால் அது எள்ளுப்பொடி வாசனைக்குப் போய்விடுகிறது, சாஸின் நிறமும் மங்கிவிடுகிறது. அடி கனமான வாணலி, சிறு தீ, கையெடுக்காமல் கிளற வேண்டும், ஐந்தாறு நிமிடத்தில் ஒன்றிரண்டு மணிகள் துள்ள ஆரம்பிக்கும், வாசனை எழும், அந்த நிமிடமே வேறு தட்டில் கொட்டிவிட வேண்டும். வாணலியிலேயே விட்டால் அந்தச் சூட்டிலேயே கருகும். கை பொறுக்கும் சூடு இருக்கும்போதே அரைத்தால் எண்ணெய் சீக்கிரம் விடும்.

மிக்ஸி பற்றிக் கொஞ்சம் விவரமாகவே சொல்ல வேண்டும், பாதிப் பேர் பாதியிலேயே நிறுத்திவிடுவது இங்கேதான். சட்னி ஜாரில் 200 கிராம் எள் சரியான அளவு, அதற்குக் குறைந்தால் எள் பக்கவாட்டில் ஏறி ஒட்டிக்கொள்ளும், பிளேடு வெறுமனே சுற்றும். ஜார் ஒரு சொட்டு ஈரம் இல்லாமல் காய்ந்திருக்க வேண்டும். முதலில் பொடியாகும். அப்புறம் பொடி எண்ணெய் விட்டு ஓரத்தில் கட்டிகட்டியாக அப்பிக்கொள்ளும். இந்தக் கட்டத்தில்தான் "இது ஆகாது போலிருக்கிறது" என்று தண்ணீர் விடத் தோன்றும், விடக்கூடாது. ஓட்டி, நிறுத்தி, வழித்துவிட்டு, மோட்டார் சூடானால் கொஞ்சம் ஆறவிட்டு மறுபடி ஓட்ட வேண்டும். இரண்டு மூன்று ஸ்பூன் எண்ணெய் விட்டால் இளகும். திடீரென்று ஒரு கட்டத்தில் கட்டி உடைந்து, கரண்டியை எடுத்தால் நாடாவாக வழியும். அதற்குப் பிறகும் இன்னும் இரண்டு சுற்று ஓட்டுங்கள், நறநறப்பு குறைவது அந்தக் கடைசிச் சுற்றுகளில்தான்.

எந்த எண்ணெய்? செக்கு நல்லெண்ணெய் கையில் இருக்கும், ஆனால் நம் ஊர்ச் செக்கில் எள்ளோடு கருப்பட்டி சேர்த்து ஆட்டுவது வழக்கம், அதனால் எண்ணெயின் நிறமும் வாசனையும் தூக்கலாக இருக்கும். எனக்கு அது பிடிக்கும். வெளுப்பான சாஸ்தான் வேண்டும் என்பவர்கள் வாசனையில்லாத சூரியகாந்தி எண்ணெயை விட்டுக்கொள்ளலாம். வெட் கிரைண்டரில் கல்லில் அரைத்தால் மிக்ஸியைவிட நைசாக வரும் என்பது உண்மைதான், ஆனால் கொஞ்சமாகப் போட்டால் அரையாது, அரைத்த பிறகு கல்லில் பிடித்த எண்ணெய்ப் பசையைக் கழுவி எடுப்பதும் பெரும்பாடு. கடை வைத்திருப்பவருக்கு அது சரி, வீட்டுக்கு மிக்ஸி போதும்.

இனி வரிசை. ஒரே ஜாரில் எள், பூண்டு, எலுமிச்சை, தண்ணீர் எல்லாம் போட்டு அரைப்பது வேகமான வழி என்று நிறையப் பேர் செய்கிறார்கள். தண்ணீர் இருக்கும்போது எள் பிளேடுக்குப் பிடிகொடுக்காமல் நழுவி ஓடும், உடையாது, எண்ணெயும் விடாது. கிடைப்பது தண்ணியான எள்ளுச் சட்னி, சற்று நேரத்தில் அடியில் சக்கையும் மேலே தண்ணீருமாகப் பிரிந்து நிற்கும். முதலில் விழுது, பிறகு சாஸ் என்று இரண்டு வேலையாகப் பிரித்தால் பத்து நிமிடம் கூடுதல், ஆனால் விளைவு வேறு.

சாஸுக்கு அளவு: அரை கப் விழுது, இரண்டு எலுமிச்சைச் சாறு, இரண்டு பல் பூண்டு, அரை ஸ்பூன் உப்பு, மூன்றில் ஒரு பங்கு கப்பிலிருந்து அரை கப் வரை ஐஸ் தண்ணீர். பூண்டை நசுக்கி உப்போடு எலுமிச்சைச் சாற்றில் பத்து நிமிடம் ஊறவிடுங்கள், புளிப்பு பூண்டின் காரத்தை ஏறவிடாமல் நிறுத்திவிடும், வாசனை இருக்கும், எரிச்சல் இருக்காது. சாற்றை விழுதில் விட்டதும் அது இளகுவதற்குப் பதில் இறுகிக் கட்டியாகும், பார்த்தால் திரிந்துவிட்டது போலவே இருக்கும். பயப்பட வேண்டாம். விழுதில் உள்ள நுண்ணிய துகள்கள் கொஞ்சம் தண்ணீரை இழுத்துக்கொண்டு ஒன்றோடு ஒன்று ஒட்டுவதால் அப்படி ஆகிறது. ஐஸ் தண்ணீரை ஒவ்வொரு ஸ்பூனாக விட்டு அடித்துக்கொண்டே வந்தால், ஒரு கட்டத்தில் எண்ணெய் சின்னத் துளிகளாகத் தண்ணீருக்குள் பரவி, விழுது கண்ணெதிரே வெளுத்து, தோசை மாவுப் பதத்துக்கு வழவழவென்று இறங்கும். இதைப் பார்க்கிற சந்தோஷத்துக்காகவே கையால் அடிக்கலாம்.

புளிப்புக்கு எலுமிச்சையை விட்டு வேறு எதைப் போடலாம் என்று பார்த்தால், தயிர் நல்ல மாற்று, முக்கியமாகப் பழுப்பு எள்ளுக்கு. சந்தை எள்ளைக் கல், மண் போக அரித்துக் காயவைத்து, வறுத்து அரைத்து, கெட்டித் தயிரில் அடித்தால் தயிரின் கொழுப்பு அந்தக் கசப்பை நன்றாகவே அடக்கும். நிறம் வெளுக்காது, ருசியில் எள் தூக்கலாக நிற்கும். கிரில் சிக்கனுக்கு இது எடுபடவில்லை, ஆனால் சுட்ட கத்தரிக்காய்க்கும் கேழ்வரகு ரொட்டிக்கும் நான் வெள்ளை எள் சாஸை வைக்கவே மாட்டேன், இதைத்தான் வைப்பேன். புளியை மட்டும் தவிர்க்கச் சொல்வேன். நம் பக்கத்துப் புளி எவ்வளவு நல்லதானாலும், எள்ளோடு சேர்ந்தால் அது தெலுங்கு வீடுகளில் செய்யும் எள்ளுப் பச்சடியாகிவிடும். சோற்றுக்கு அருமை, ஷவர்மாவுக்கு இல்லை. கிருஷ்ணகிரிக்காரர்கள் மாங்காய்க் காலத்தில் பெங்களூரா மாங்காயை, அதிகம் புளிக்காத அந்தக் கிளிமூக்கைத்தான் சொல்கிறேன், துருவிப் பிழிந்த சாற்றை எலுமிச்சையில் பாதிக்குப் பதிலாக விட்டுப் பார்க்கலாம், லேசான இனிப்போடு வரும். அரைத்துச் சேர்த்தால் நார் தட்டும், சாறு மட்டும் போதும்.

வெறும் விழுது, ஈரக்கரண்டி படாமல் கண்ணாடி பாட்டிலில் இருந்தால், ஃப்ரிட்ஜில் ஒரு மாதம் தாராளமாக நிற்கும். சாஸாகக் கலந்துவிட்டால் பூண்டும் தண்ணீரும் சேர்ந்துவிடுவதால் மூன்று நான்கு நாளில் முடித்துவிட வேண்டும், தயிர் சேர்த்தது என்றால் இரண்டு நாள்தான். அதனால் விழுதை மொத்தமாக அரைத்து வைத்துக்கொண்டு சாஸை அன்றன்றைக்கு வேண்டிய அளவு அடித்துக்கொள்ளுங்கள். ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்த சாஸ் கெட்டியாகத்தான் இருக்கும், ஒரு ஸ்பூன் தண்ணீர் விட்டு அடித்தால் பழைய பதத்துக்கு வந்துவிடும், உப்பை மட்டும் மறுபடி ஒருமுறை ருசி பார்த்துக்கொள்ளுங்கள்.